அறவண அடிகள் யாரிடம் போனார்?
அரியாலையில் இருந்து மணிமேகலை வாசிப்பு

அரியாலையில் என் வாப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எண்பதைத் தாண்டிவிட்டார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஒவ்வொரு தடவையும் அவர் வீட்டு விறாந்தையில் இருந்து ஒரு பிளேன் ரீ குடிக்காமல் நான் திரும்பியதில்லை. 2025ஆம் ஆண்டு நடுவில் போனபோது, அவருடைய ஊரெல்லைக்குள்ளேயே, செம்மணிப் பக்கத்துச் சிந்துபாத்தி மயானத்தில், அகழ்வுப் பணி நடந்துகொண்டிருந்தது. அதைப் பற்றித்தான் பேசுவார் என்று எண்ணிப் போனேன். மனுசன் மேசையில் மணிமேகலையை விரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, மன்னிக்கப் பழகவேணும், கருணையோட இருக்கவேணும் எண்டு எல்லாரும் எங்களுக்குத்தான் சொல்லுகினம். புத்த தர்மத்தில இருந்து படியுங்கோவாம். சரி, படிப்பம். அறவண அடிகள் ஆருக்குச் சொன்னவர் எண்டு ஒருக்கா பாப்பம், வாரும்."

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் இருந்து வந்தது. அவர் சொன்னதில் ஒத்துக்கொள்வதும் உண்டு, ஒத்துக்கொள்ளாததும் உண்டு.

நம்மவர்களில் பலருக்கு மணிமேகலை என்றால் அமுதசுரபியும் பசிப்பிணியும்தான். பாடப்புத்தகத்தில் வந்த துண்டோடு அது முடிந்துபோகிறது. சீத்தலைச் சாத்தனாரின் இந்த நூல்தான் தமிழில் முழுதாக நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே பௌத்த காப்பியம், முப்பது காதைகள், 1898இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தார். முஸ்லிம் வாசகன் இதை ஏன் எடுக்கவேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் எளிது. இந்த நாட்டில் பௌத்தத்தை நாங்கள் அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை வழியாகவும், ஊர்வலங்களில் முன்னே வருகிறவர்களின் முகங்கள் வழியாகவும்தான் அறிந்திருக்கிறோம். எங்கள் சொந்த மொழியில் ஒரு பௌத்தம் இருந்தது, அதற்கு இராணுவமும் இல்லை, வர்த்தமானி அறிவித்தலும் இல்லை. அது என்ன சொன்னது என்று தெரிந்துவைப்பது நமக்குப் பிரயோசனமான காரியம்.

கதையில் நமக்கு வேண்டிய பகுதி 19ஆம் காதை முதல் 24ஆம் காதை வரை. மணிமேகலை சிறைக்குள் போகிறாள், பட்டினி கிடக்கும் கைதிகளுக்கு அமுதசுரபியால் சோறு போடுகிறாள். கேள்விப்பட்ட அரசன் அழைத்து, என்ன வேண்டும் என்கிறான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கு என்று கேட்கிறாள், அவனும் ஆக்குகிறான். இதற்கு மூன்று காதை தள்ளி அவளே காவலில் வைக்கப்படுகிறாள். அவளை விரும்பித் துரத்திய இளவரசன் உதயகுமரன், காஞ்சனன் என்ற வித்தியாதரனால் வெட்டப்படுகிறான். மணிமேகலை அப்போது காஞ்சனனின் மனைவி காயசண்டிகையின் உருவத்தில் இருந்ததால் வந்த குழப்பம் அது. செய்தி அரண்மனைக்குப் போகிறது. அரசன் சொல்வது கவனிக்கவேண்டிய வார்த்தை. தான் கொடுத்திருக்கவேண்டிய தண்டனையைத்தான் மகனுக்கு அந்த வித்தியாதரன் கொடுத்தான் என்ற கருத்தில் பேசுகிறான். செத்துக் கிடப்பவன் தன் பிள்ளை; தவறு அவன் பக்கம் என்று தகப்பனே, அதுவும் நாடாளும் தகப்பன், சபையில் சொல்கிறான். மன்னிப்பைப் பற்றிய பேச்சு இந்தக் காப்பியத்தில் தொடங்குவதற்கு முன்னமே உண்மை சொல்லப்பட்டாயிற்று. மாஸ்டர் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு வருவது தாயின் வஞ்சம். அரசி இராசமாதேவி, துக்கத்தை மறைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளை சிறையில் இருக்கக்கூடாது, என்னிடம் விடுங்கள் என்று அரசனிடம் கேட்டு அவளைத் தன் மாளிகைக்குக் கொண்டுபோகிறாள். பித்தேற்றும் மருந்து கொடுக்கிறாள். எழுத்தறிவில்லாத ஓர் இளைஞனுக்குக் காசு கொடுத்து, அவளைக் கெடுக்க அனுப்புகிறாள். அதுவும் பலிக்காதபோது, நோய் என்று சொல்லிப் புழுக்கறையில் அடைத்துச் சாப்பாட்டை நிறுத்துகிறாள். மணிமேகலையிடம் இருந்த மந்திரங்களால் ஒன்றும் நடக்கவில்லை. அரசி நடுங்கிப்போய்ப் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்கிறாள். மணிமேகலை அவளுக்கு உடலையும் உயிரையும் பற்றிச் சொல்கிறாள், எல்லா உயிர்களிடமும் இரங்கச் சொல்கிறாள். அரசி காலில் விழுகிறாள். மணிமேகலை அந்த வணக்கத்தை ஏற்கவில்லை. போன பிறவியில் என் கணவனாக இருந்தவனைப் பெற்றவள் நீ, இந்த நாட்டின் பெருந்தேவி நீ, இது தகாது என்று சொல்லித் திரும்பத் தான் வணங்குகிறாள்.

பாடசாலையில் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். மன்னிப்பு முடிந்தது, காதையும் முடிந்தது என்று. மாஸ்டருடைய கேள்வி அடுத்த காதையைப் பற்றியது. அறவண அடிகள் மாதவியையும் சுதமதியையும் கூட்டிக்கொண்டு அரண்மனைக்கு வருகிறார். மணிமேகலையின் ஆசான் அவர். பிள்ளை மன்னித்துவிட்டாள், நல்லது செய்தாய் என்று அவளைத் தட்டிக்கொடுக்கத்தானே ஆசான் வருவார்? அப்படி ஒரு வார்த்தை அங்கே இல்லை. கால் கழுவி வரவேற்ற அரசியைப் பார்த்துத்தான் அவர் பேசுகிறார். பேதைமையில் தொடங்கிப் பிறப்பு, மூப்பு, சாவு வரை ஒன்றை ஒன்று சார்ந்து வரும் பன்னிரண்டு நிலைகளைச் சொல்கிறார். அதற்குப் பிறகு தீவினை எது எது என்று எண்ணிக் காட்டுகிறார். கொலை, களவு, காமம் என்று உடம்பால் வருபவை மூன்று. பொய், கோள், கடுமை, வீண்பேச்சு என்று வாயால் வருபவை நான்கு. பேராசை, கோபம், கோணலான பார்வை என்று மனதில் முளைப்பவை மூன்று. முந்தின காதையில் அரசி செய்தவற்றை இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடிகள் பொதுவாகப் பேசவில்லை என்பது விளங்கும். அரசனுக்குச் சொன்ன பொய், காசு கொடுத்து ஏவிய காமம், கொல்லும் நோக்கத்தோடு நிறுத்திய உணவு எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன.

நான் இந்தக் காப்பியத்தில் இருந்து எடுத்துக்கொள்வது இதைத்தான். பாதிக்கப்பட்டவள் மன்னித்துவிட்டாள் என்பதற்காக ஆசான் குற்றம் செய்தவளுக்கான பாடத்தைக் கைவிடவில்லை. மன்னிப்பு மணிமேகலையின் கையில் இருந்தது, யாரும் கேட்டுக் கொடுத்ததல்ல, யாரும் போதித்துக் கொடுத்ததுமல்ல. அடிகள் அவளிடம் "மன்னி" என்று எந்த இடத்திலும் சொன்னதாகக் காப்பியத்தில் இல்லை. அவளுக்கு அவர் கொடுத்த முதல் வேலையே வேறு: பசித்தவனுக்குச் சோறு போடு. தர்மத்தின் நுட்பங்களைக்கூட, மற்றச் சமயத்தார் சொல்வதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு வா, பிறகு சொல்கிறேன் என்று தள்ளிவைக்கிறார். இருபத்தேழாம் காதையில் அவள் எல்லாச் சமயவாதிகளையும் கேட்கிறாள், கடைசி இரண்டு காதைகளில்தான் அவர் அவளுக்கு விரித்துச் சொல்கிறார். அரசிக்கோ இந்தக் காத்திருப்பு இல்லை. அதிகாரம் உள்ளவர்களுக்கு உபதேசம் உடனே தேவைப்படுகிறது.

இதை இன்றைய நடப்போடு வைத்துப் பாருங்கள். 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில் இலங்கையின் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்தன, யப்பானிடம் நட்டஈடு கேட்கமாட்டோம் என்று சொல்லி, பகைமையைப் பற்றிய தம்மபத வாக்கை எடுத்துரைத்தார். உலகமே கைதட்டியது. நல்ல பேச்சுத்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் யப்பானின் கையில் ஆகக் கூடுதலாக அழிந்தவர்கள் சீனர்களும் கொரியர்களும் பிலிப்பைன்ஸ்காரரும். இலங்கைக்கு 1942 ஏப்ரலில் விழுந்த குண்டுகளை மன்னிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அதே ஜே.ஆர். ஜனாதிபதியாக இருந்த 1981இல், மே 31 இரவு, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. கிட்டத்தட்ட 97,000 நூல்கள். அவருடைய அமைச்சர்கள் இருவர் அந்த நாட்களில் யாழ்ப்பாணத்திலேயே இருந்தார்கள். அவர்களிடம் போய்த் தம்மபதம் சொல்ல ஓர் அறவணர் இல்லை.

சொன்னவர் ஒருவர் இருந்தார், அவர் முஸ்லிம். அக்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த எம்.ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை' நம் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த கவிதை. கனவில் புத்தரைச் சுட்டுக் கொல்கிறார்கள், நூலகப் படிக்கட்டில் அவர் கிடக்கிறார், புத்தகங்களோடு சேர்த்து அவரையும் எரிக்கிறார்கள். இதை எத்தனையோ பேர் அரச வன்முறைக் கண்டனமாக வாசித்திருக்கிறார்கள். எனக்கு அது அறவணரின் வேலையைச் செய்கிற கவிதையாகப் படுகிறது. எரிந்தவர்களிடம் பொறுமை கேட்காமல், எரித்தவர்களிடம் போய், நீங்கள் கொன்றது யாரை என்று பார்த்தீர்களா என்று கேட்கிறது. புத்தரைத் தங்களுக்கு மட்டும் சொந்தம் என்று நினைப்பவர்களிடம் ஒரு கல்முனை முஸ்லிம் வந்து, உங்கள் ஆசானை நீங்களே கொன்றுவிட்டீர்கள் என்று தமிழில் சொல்வது சின்ன விசயமல்ல.

'எங்களுக்குச் சொந்தம்' என்றதும் எட்டாம் காதை ஞாபகம் வருகிறது. மணிபல்லவத் தீவில் ஒரு மணிப்பீடத்துக்காக நாகநாட்டு அரசர்கள் இருவர் படையோடு மோதுகிறார்கள். புத்தர் வந்து சண்டையை விடுங்கள், இந்தப் பீடம் எனக்குரியது என்று சொல்லி அதிலே அமர்ந்து அறம் சொல்கிறார். மகாவம்சத்திலும் மாமன் மகோதரனும் மருமகன் சூலோதரனும் நாகதீபத்தில் இதே பீடத்துக்காகச் சண்டைபிடிக்கிறார்கள். நயினாதீவுதான் அந்த மணிபல்லவம் என்று சொல்பவர்கள் உண்டு. 'இது எமது' என்ற சொல் அன்று இரண்டு படைகளைப் பிரித்துவிட்டது. இன்று அதே குடாநாட்டில், தையிட்டியில், தனியார் காணிகளில் எழுந்த விகாரைக்கு முன்னால் காணிக்காரர் உட்கார்ந்து போராடுகிறார்கள். அதே சொல்தான், எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது.

இனி நான் மாஸ்டரோடு முரண்பட்ட இடங்கள். சாத்தனாரை அவர் கொஞ்சம் கூடுதலாகவே நம்புகிறார்.

முதலாவது, மந்திரம். மணிமேகலைக்கு உண்மையில் ஒரு காயமும் படவில்லை. மருந்து பலிக்கவில்லை, அவள் ஆண் உருவம் எடுத்ததும் வந்தவன் ஓடிவிட்டான், பசி தெரியாதிருக்க ஒரு மந்திரம் கையில் இருந்தது. புழுக்கறையில் இருந்து அவள் வெளியே வரும்போது அரசிதான் பயந்துபோய் நிற்கிறாள். அந்த நிலையில் மன்னிப்பது பெருந்தன்மை, சந்தேகமில்லை. ஆனால் மந்திரம் இல்லாத ஒரு பெண் அந்த அறையில் இருந்திருந்தால்? சாத்தனார் அந்தக் கேள்விக்குள் போகவில்லை. 1996 செப்டெம்பரில் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய ஒரு மாணவி, செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டாள். அவளிடம் எந்த மந்திரமும் இருக்கவில்லை. அவளைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும்கூடத் திரும்பவில்லை. அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட ஒரு சிப்பாய் 1998இல் நீதிமன்றத்தில், செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் வரை புதைக்கப்பட்டன என்றார். 1999இல் தோண்டியபோது 15 கிடைத்தன. 2025 பெப்ரவரியில் சிந்துபாத்தியில் தகன மேடை கட்ட நிலத்தை வெட்டியபோது மறுபடி எலும்புகள். அந்த ஆண்டு செப்டெம்பருக்குள் 200க்கு மேல். ஒரு பள்ளிக்கூடப் பையும் ஒரு பால்போத்தலும் அதற்குள் இருந்தன.

இரண்டாவது, வினை. மணிமேகலை அரசியைத் தேற்றுவதற்குச் சொல்வது இது: உன் மகன் போன பிறவியில் ஒரு மடையனை, தவறி விழுந்த ஒரு சமையற்காரனை, வெட்டிக் கொன்றான், அந்த வினைதான் இன்று வந்தது. அரசியிடம் சொன்னால் அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம், ஏனென்றால் உதயகுமரன் இந்தப் பிறவியிலும் ஒரு பெண்ணைத் துரத்தியவன். இதையே சிந்துபாத்தி வாசலில் ஒரு புகைப்படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற தாயிடம் சொல்லிப் பாருங்கள். அது தேறுதலாக இருக்காது, இரண்டாவது அடியாக இருக்கும். "சாத்தனார் அப்பிடிச் சொல்லேல்லை" என்றார் மாஸ்டர். சொல்லவில்லைத்தான். சொல்வதற்கு வழி விட்டிருக்கிறார் என்பதுதான் என் குறை. ஒருவரின் துயரத்துக்கு அவரே காரணம் என்ற பேச்சு எங்கள் பக்கத்திலும் உண்டு. சுனாமிக்குப் பிறகு சில மிம்பர்களில் நாம் கேட்டதை மறக்கவில்லை.

மூன்றாவது, அந்தத் திரும்ப வணங்குதல். அது என்னால் முடியாது. இங்கே நம் சீறாவில் உள்ள ஒரு சம்பவம் எனக்குக் கூடுதல் நெருக்கமாகப் படுகிறது. உஹதில் ஹம்ஸா (ரழி) அவர்களை ஈட்டி எறிந்து கொன்ற வஹ்ஷி, பின்னாளில் இஸ்லாத்தை ஏற்க வருகிறார். நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். ஹம்ஸாவைக் கொன்றது நீயா என்று கேட்கிறார்கள். பிறகு, உன் முகத்தை என் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள முடியுமா என்ற கருத்தில் கேட்கிறார்கள். புகாரியில் வஹ்ஷியே சொன்னதாக உள்ள செய்தி இது. பழிவாங்கல் இல்லை, ஆனால் துக்கத்தை மூடிமறைக்கவும் இல்லை. மன்னித்தவரும் தன் சிறிய தகப்பனைப் பறிகொடுத்த மனிதராகவே இருக்கிறார். இதைச் சொன்னபோது மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை எனக்கு முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி, பத்தாம் வகுப்பில ஒப்பீடாப் படிப்பிச்சிருப்பன்" என்றார்.

மனிதருக்கு மனிதர் செய்த அநியாயத்தை, அநியாயம் செய்யப்பட்டவர் விடாமல் அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்று ஹக்குல் இபாத் பற்றிச் சின்ன வயதில் இருந்து கேட்டு வந்திருக்கிறோம். பௌத்தத்தில் அப்படி ஒரு கணக்காளன் இல்லை. அங்கே வினை தானே கணக்குப் பார்த்துக்கொள்கிறது. இரண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை மழுப்பி, எல்லாச் சமயமும் ஒன்றுதான் என்று எழுதுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். என்றாலும் ஒரு விசயத்தில் சாத்தனார் நமக்கு ஆச்சரியமான துணை. ஆறாம் காதையில் சக்கரவாளக் கோட்டம் என்ற புறங்காட்டை வர்ணிக்கும்போது, இறந்தவர்களை எரிப்பவர், சும்மா விட்டுவிடுபவர், குழி தோண்டிப் புதைப்பவர், தாழ்ந்த அறைகளில் வைப்பவர், தாழியால் மூடுபவர் எல்லோரையும் ஒரே மூச்சில் அடுக்குகிறார். ஒரு பௌத்த கவி, பௌத்தக் காப்பியத்தில், இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. 2020 ஏப்ரலில் இருந்து 2021 பெப்ரவரி வரை, கொவிட் என்று சொல்லி நம் ஜனாஸாக்களைப் பலவந்தமாக எரித்தார்கள். பிறந்து இருபது நாளான குழந்தையையும்தான். அந்த நாட்களில் ஆறாம் காதையை யாராவது சிங்களத்தில் பெயர்த்து மகாநாயக்கர்களுக்கு அனுப்பியிருக்கவேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

2024 ஜூலையில் அமைச்சரவை அதற்கு மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. நல்லது. கேட்கப்பட்டது, அது ஒரு படி. ஆனால் அந்த முடிவை எடுத்தவர்களிடம் யார் போய் உட்கார்ந்து, பேதைமை முதல் சாவு வரை எண்ணிக் காட்டினார்கள்?

எங்கள் பக்கத்துக் கணக்கும் மிச்சம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடிந்தால் நான் நேர்மையில்லாதவன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் சேரச் சொல்லி, இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். வடக்கு முழுவதிலும் இருந்து 70,000க்கு மேற்பட்டவர்கள் போனோம். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்து, மறப்போம் மன்னிப்போம் என்ற தொனியில் பேசினார். செய்த தரப்பே மறதியையும் மன்னிப்பையும் ஒரே வசனத்தில் கேட்டது. அறவண அடிகளின் முறையில் அது தலைகீழ். உண்மை முதலில் வரவேண்டும், அரசனின் சபையில் வந்தது மாதிரி.

இதை நான் சொன்னதும் மாஸ்டர் புத்தகத்தை மூடினார். அவர் வீட்டு வேம்பில் காகம் கத்திக்கொண்டிருந்தது, அது ஞாபகம்.

"உமக்கு ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு நான் சைக்கிளில ஐஞ்சுசந்திப் பக்கம் வந்தனான். சனம் வெளிக்கிட்டு நடந்துகொண்டிருந்தது. உம்மட வாப்பாவைக் கண்டனான். தலையில ஒரு பெட்டி, கையில நீர். நீர் அப்ப சின்னப் பொடியன். அவர் என்னைக் காணேல்லை. நான் சைக்கிளைத் திருப்பிப் போட்டன்."

முப்பத்தைந்து வருசம் இதை அவர் சொன்னதில்லை. வாப்பாவும் அவரும் பின்னாளில் கடிதம் எழுதினார்கள், தொலைபேசியில் பேசினார்கள். வாப்பா புத்தளத்தில் மௌத்தாகி ஒன்பது வருசமாகிறது. அவர் அந்தச் சைக்கிளைக் கண்டாரா, கண்டும் சொல்லாமல் விட்டாரா, எனக்குத் தெரிய வழியில்லை.

"மன்னிப்புக் கேக்கேல்லைத் தம்பி. கேக்கவேண்டிய ஆள் இல்லை. நடந்ததைச் சொன்னனான், அவ்வளவுதான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. வாப்பாவுக்காக நான் கொடுக்கக்கூடியது அது என்று எனக்குப் படவில்லை. கொடுக்கமாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. உள்ளே இருந்து அவருடைய மகள் இன்னொரு ரீ கொண்டுவந்து வைத்தா. மாஸ்டர் புத்தகத்தைத் திரும்பத் திறந்து, எந்த இடத்தில் விட்டோம் என்று கேட்டார். இருபத்துநாலாம் காதை, அரசி அடிகளின் காலைக் கழுவுகிற இடம் என்றேன். கண் சரியாகத் தெரியவில்லை, நீர் வாசியும் என்றார். வாசித்தேன்.